நான்கு பீட்சாவுக்கு 200 கிராம் சீஸ்

வீட்டில் பீட்சா செய்வதென்றால் கையைக் கடிக்கும், அதையே உடம்புக்கு நல்லதாகச் செய்வதென்றால் இன்னும் கடிக்கும் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. ஒலிவ் எண்ணெய், இறக்குமதியான சீஸ், சிறு போத்தலில் அடைத்த காய்ந்த மூலிகை, டின்னில் வரும் தக்காளி என்று சமையற் காணொளிகள் சொல்லும் பட்டியலை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாண நகரத்துப் பல்பொருள் அங்காடிக்குப் போனால் அந்த எண்ணம் உறுதிப்படவே செய்யும். ஆனால், பீட்சாவின் விலையை ஏற்றுகின்ற பொருள்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை அளவோடு உண்ணுங்கள் என்று மருத்துவர்கள் சொல்கின்றவையாகவே இருக்கின்றன: அள்ளிக் கொட்டும் சீஸ், பதனிட்ட இறைச்சி, சீனி கலந்த சோஸ். இவற்றைக் குறைத்தால் பணமும் மிஞ்சும், உப்பும் கொழுப்பும் தாமாகவே குறையும். பீட்சாவைப் பொறுத்தவரை சிக்கனமும் உடல்நலமும் ஒரே வழியில்தான் போகின்றன என்பது விளங்கிய பிறகு, எங்கள் வீட்டில் அது பிறந்தநாளுக்கு மட்டும் வாங்கும் பண்டமாக இல்லாமல், இடைக்கிடை அடுப்பில் வேகும் சாதாரணச் சாப்பாடாகிவிட்டது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். வளரும் பிள்ளைகள் இருவர். மாமிக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. பிள்ளைகளுக்கு ஒன்று, மாமிக்கு வேறொன்று என்று தனித்தனியே சமைப்பதற்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை. 2022ஆம் ஆண்டு இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கும், கோதுமை மாவின் விலை திடீர் திடீரென்று ஏறியதைப் பார்த்தவர்களுக்கும், ஒரு பண்டத்தைச் செய்யுமுன் எவ்வளவு மா போகும், எவ்வளவு எரிவாயு போகும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிட்டது. நான் தரும் அளவுகள் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவை.

பீட்சா என்றாலே இழுபடும் சீஸ்தான் என்று விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் அது உழைக்கும் ஏழை மக்களின் மலிவான உணவாகத்தான் வளர்ந்தது. அந்நகரத்தின் பழைய வகைகளுள் ஒன்றான மரினாராவில் தக்காளி, உள்ளி, ஓரிகானோ, ஒலிவ் எண்ணெய் ஆகியவை மட்டுமே இருக்கும். சீஸ் அறவே இராது. நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞர்களின் கைவினையை யுனெஸ்கோ 2017ஆம் ஆண்டில் மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது போற்றப்பட்டதும், மாவைப் பிசைந்து, பொங்க வைத்து, கையால் விரித்து, விறகு அடுப்பில் சுடுகின்ற திறமைதான். ஆகவே சுவைக்கு முதல் இடம் மா, அடுத்தது தக்காளி. சீஸ் அவற்றுக்குப் பின்னரே வருகிறது. அந்த முதல் இரண்டும் மலிவானவை என்பது குடும்பம் நடத்துகிற நமக்குப் பெரிய வசதி.

மாவுக்கு நான் எடுப்பது 500 கிராம். அதில் 250 கிராம் ஆட்டா மா, மற்றப் பாதி சாதாரண வெள்ளைக் கோதுமை மா. ஆட்டா மா எங்கள் கடைகளில் வெள்ளை மாவை விட விலை கூடியது; உடல்நலத்துக்காக நான் மேலதிகமாகச் செலவிடும் ஒரே இடம் இதுதான், அந்தச் செலவு வீண் போவதில்லை. தவிடு நீக்காத மாவில் நார்ச்சத்துக் கூட இருப்பதால் வயிறு விரைவில் நிறைந்துவிடும். முழுவதையும் ஆட்டா மாவிலேயே செய்தால் தவிட்டுத் துணிக்கைகள் மாவின் இழுவையை அறுத்துவிடும். பீட்சா கனத்து இறுகிப் போகும், பிள்ளைகள் நடுப்பகுதியைத் தின்றுவிட்டு ஓரத்தைத் தட்டத்தில் வைத்துவிடுவார்கள். குரக்கன் மா சேர்க்க விரும்புகிறவர்கள் ஆட்டா மாவில் 75 முதல் 100 கிராம் வரை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குக் குரக்கனைப் போடலாம். குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட கல்சியம் இருக்கிறது. ஆனால் மாவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் அதில் இல்லை என்பதால், அந்த அளவைத் தாண்டினால் விரிக்கும்போதே கிழியும். ஒடியல் மாவைப் போட்டால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். அதன் மணமும் இலேசான கசப்பும் கூழுக்கும் பிட்டுக்கும் உரியவை, தக்காளியோடு அவை சேரா என்பது என் கருத்து.

இந்த மாவுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், 320 முதல் 340 மில்லிலீற்றர் வரை தண்ணீர் போதும். அந்த உப்பு 6 கிராம் அளவு வரும். நான்கு பீட்சாவுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஒன்றரைக் கிராம். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சீஸிலும் உப்பு இருக்கிறது என்பதை நினைத்தால் மாவில் இதற்கு மேல் போட மனம் வராது. கிணற்று நீர் உவராக இருக்கும் ஊர்களில் இன்னும் சற்றுக் குறைக்கலாம். ஒலிவ் எண்ணெய் இல்லையே என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. நல்லெண்ணெயிலும் நிறைவுறாக் கொழுப்பே மிகுதி. அதன் மணம் உள்ளியோடும் தக்காளியோடும் நன்றாகவே ஒத்துப்போகிறது.

எங்கள் ஊர் வெப்பம் மாவைப் பொங்க வைப்பதற்கு நல்ல துணை, ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டிய துணை. இளஞ்சூட்டு நீரில் ஈஸ்டைக் கரைத்து, சூடான இடத்தில் இரண்டு மணி நேரம் வைக்கும்படி குளிர்நாட்டுச் சமையற் குறிப்புகள் சொல்லும். பங்குனி, சித்திரை மாதங்களில் இங்கே பானைத் தண்ணீரே போதும். ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட் போட்டால் ஒரு மணி நேரமளவில் மா இரண்டு மடங்காகிவிடும், அதற்கு மேல் விட்டால் தளர்ந்து புளிப்பு மணம் ஏறிவிடும். முன்கூட்டியே திட்டமிட முடிகின்ற நாள்களில் ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, முதல்நாள் மாலையில் பிசைந்து, எண்ணெய் தடவிய மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். அடுத்த நாள் மாலைக்குள் அது மெதுவாகப் பொங்கி, தவிடு நீரை இழுத்து மெதுமையாகி, வாசனையும் கூடியிருக்கும். முழுக்கோதுமையில் உள்ள பைட்டிக் அமிலம் இந்த நீண்ட புளிப்பில் குறைவதால் இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வது இலகுவாகிறது. இரவு முழுதும் புளித்த தோசை மாவில் கிடைக்கும் அதே நன்மைதான் இது. ஈஸ்ட் போத்தலைத் திறந்த பின் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வையுங்கள். நமது வெக்கையில் அலுமாரித் தட்டில் கிடந்தால் அது சீக்கிரமே வலுவிழந்துவிடும்.

பிசைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு செலவாகாமல் சுவையைக் கூட்டுகின்ற வேலை இதுதான். ஆட்டா மா கலந்த மா தொடக்கத்தில் விரல்களில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று அதன் மேல் உலர்ந்த மாவைத் தூவிக்கொண்டே போனால் இறுதியில் கிடைப்பது கல்லுப் போன்ற ரொட்டி. தண்ணீரும் மாவும் கலந்தவுடன் ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். தவிடு தனக்கு வேண்டிய நீரை எடுத்துக்கொண்டதும் ஒட்டுவது தானாகக் குறையும்; பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, திருப்பி ஐந்தாறு நிமிடம் பிசைந்தால் போதும். தேசிக்காயளவு துண்டொன்றைப் பிய்த்து இரண்டு கைகளாலும் மெதுவாக இழுத்துப் பார்த்தால், அது அறுந்து போகாமல், சன்னல் பக்கம் பிடிக்கும்போது வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக விரிய வேண்டும். அதுவே பதம். இந்த மாவை 200 கிராமுக்குச் சற்றுக் கூடிய நான்கு உருண்டைகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் 25 சென்ரிமீற்றர் அகலத்துக்கு விரியும்.

தக்காளிச் சோஸை ஒருபோதும் போத்தலில் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். கடைகளில் விற்கும் தக்காளிச் சோஸ்கள் பலவற்றில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கும் மேற்பட்ட சீனி இருக்கிறது. உப்பும் அதற்கேற்ப உண்டு. சீனி வருத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் அதை மாவின் மேல் தாராளமாகப் பூசுவது எந்த வகையிலும் நியாயமில்லை. மாரி மழை ஓய்ந்து தை, மாசி மாதங்களில் திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளில் உள்ளூர்த் தக்காளி வந்து குவியும்போது விலை நன்றாக விழும். அளவாகப் பழுத்த அழகான பழங்கள் கறிக்கு இருக்கட்டும். சோஸுக்கு வேண்டியவை, மிதமிஞ்சிப் பழுத்து, தோல் மெல்லியதாகி, வியாபாரி விலை குறைத்துத் தருகின்றவை. 750 கிராம் தக்காளியைச் சுடுநீரில் போட்டுத் தோலை உரித்துக் கையாலேயே மசித்துக்கொள்ளுங்கள். தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, நான்கு பல்லு உள்ளியும் ஒரு பிடி சின்ன வெங்காயமும் வதங்கியதும் தக்காளியைக் கொட்டி, இடித்த செத்தல் மிளகாயும் சிட்டிகை உப்பும் சேர்த்து, அகப்பையால் கோடு கிழித்தால் தாச்சியின் அடி தெரிகின்ற பதம் வரும்வரை வற்றவிட வேண்டும். புளிப்புத் தூக்கலாக இருந்தால் சீனி போடாமல், துருவிய கரட் அல்லது பூசணிக்காய் ஒரு கைப்பிடி போட்டு வேகவிடுங்கள். சோஸ் தடித்தும் வரும், காய்கறியைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளையும் தெரியாமலே சாப்பிட்டுவிடும். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன், எண்ணெயோடு வெந்த பின்னரே உடலில் நன்கு உறிஞ்சப்படுகிறது. விலை விழும் காலத்தில் மொத்தமாகக் காய்ச்சிச் சிறு சிறு டப்பாக்களில் உறைய வைத்தால் சில மாதங்களுக்குப் பயன்படும்.

ஓரிகானோவுக்கு வீட்டு முற்றத்துக் கற்பூரவள்ளி இருக்கிறது. சளிக்குக் கசாயம் வைக்க மட்டும் அதை நாடுகிறோம். ஆனால் ஓரிகானோவின் மணத்துக்கு முக்கிய காரணமான கார்வக்ரோல் என்ற பொருள் கற்பூரவள்ளியிலும் இருக்கிறது. தடித்த, மெல்லிய மயிர் படர்ந்த அந்த இலைகளில் மூன்று நான்கு போதும். பொடியாக அரிந்து, சோஸை இறக்கும் நேரத்தில் போட வேண்டும். கூடினால் கசாய வாடை வந்துவிடும். இத்தாலியர் பேசில் என்று மேலே தூவுவது நம் ஊர்த் திருநீற்றுப்பச்சைதான். ஒரு தொட்டியில் நட்டுவைத்தால் வேண்டியபோது பிய்த்துக்கொள்ளலாம்.

இனிச் சீஸ். நான்கு பீட்சாவுக்கு நான் வாங்குவது 200 கிராம், அதாவது ஒன்றுக்கு 50 கிராம். மொத்தச் செலவில் பெரும் பங்கு இந்தச் சிறு கட்டிக்கே போகிறது என்பதால், ஒவ்வொரு கிராமும் வேலை செய்ய வேண்டும். 150 கிராம் மொசரல்லாவும் 50 கிராம் செடாரும் சேர்ப்பது நல்ல கலப்பு; மொசரல்லா உருகி இழுபடும், சுவை குறைவு; செடாரின் சுவை கடுமையானது, சிறிதளவே முழுப் பீட்சாவுக்கும் காணும். துருவி விற்கும் பொதியை விடக் கட்டியாக வாங்கி, நன்கு குளிர்ந்த நிலையில் வீட்டில் துருவுவது சிறந்தது. துருவிய சீஸில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாப்பொருள் தூவியிருப்பார்கள். அது உருகுவதையும் கெடுக்கும். முக்கோணமாகவும் தாள் போன்ற துண்டுகளாகவும் வருகின்ற பதனிட்ட சீஸ் விலை குறைந்ததாகத் தெரியலாம், ஆனால் அதில் உப்பு மிகுதி, மொசரல்லாவைப் போல இழுபடவும் மாட்டாது. துருவலை மேல் முழுவதும் மூடும்படி போடாமல், சோஸ் ஆங்காங்கே தெரியும்படி ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்குத் தூவினால் ஒவ்வொரு வாயிலும் சீஸ் அகப்படும், குறைத்தது எவருக்கும் தெரியாது.

மாதக் கடைசியில் கை இறுகும்போது ஒரு லீற்றர் பசுப்பாலைக் கொதிக்க வைத்து, தேசிக்காய்ச் சாறு விட்டுத் திரித்து, துணியில் வடித்துப் பனீர் எடுத்துக்கொள்வேன். கொழுப்பு எடுக்காத பாலில் 150 கிராம் அளவு கிடைக்கும். அது உருகாது, ஆனால் உதிர்த்து, உப்பும் மிளகுத்தூளும் பிசறி, 100 கிராம் மொசரல்லாவோடு சேர்த்துத் தூவினால் புரதத்துக்கும் குறைவில்லை, வயிறும் நிறையும். வடித்த நீரை ஊற்றிவிடாதீர்கள். ஆறிய பின் தண்ணீருக்குப் பதிலாக அதைக் கொண்டே மாவைப் பிசையலாம், ஓரம் நல்ல பொன்னிறமாக வரும்.

சொசேஜ், பேக்கன் போன்றவற்றை நான் வாங்குவதே இல்லை. பதனிட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதலாம் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் சேர்த்தது; விலையும் குறைவில்லை. குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கணவாயையும் இறாலையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நாம் ஏன் சொசேஜைத் தேட வேண்டும்? 150 கிராம் இறாலை உரித்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, தண்ணீர் வற்றும்வரை வதக்கினால் இரண்டு பீட்சாவுக்குக் காணும். இறால் விலை ஏறிய நாளில் சூடை மீனை அவித்து முள் எடுத்து, உள்ளியோடு பிரட்டிப் போடலாம். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறியில் மிஞ்சிய துண்டுகளைக் குழம்பு வடித்து உதிர்த்தும் போடலாம். வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் அன்றைக்குக் கத்தரிக்காய், கறிமிளகாய், அவித்த கடலை, முருங்கையிலை. கத்தரிக்காயை மெல்லிய வட்டங்களாக அரிந்து உப்புத் தடவிப் பத்து நிமிடம் வைத்து, நீரைப் பிழிந்து, தோசைக்கல்லில் துளி எண்ணெயில் இருபுறமும் வாட்டிய பின்னரே வைக்க வேண்டும். பச்சையாக வைத்தால் அதன் நீர் மாவில் இறங்கி நடுப்பகுதி களியாகிவிடும். இதே காரணத்துக்காகத்தான் எதையும் அளவுக்கு மீறிக் குவிக்கக்கூடாது.

ஓவன் உள்ளவர்கள் அதன் உச்ச வெப்பத்தில், 230 அல்லது 250 பாகைக்கு, தட்டையும் உள்ளே வைத்தே 20 நிமிடம் சூடாக்கி, நான்கையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சுட்டு முடித்துவிட வேண்டும். மின்சாரக் கட்டணம் அலகு கூடக்கூட ஏறுகின்ற படிமுறைக் கட்டணம் என்பதால், ஒரே சூட்டில் எல்லாவற்றையும் சுட்டால்தான் கட்டுப்படியாகும். ஒவ்வொன்றுக்கும் எட்டு முதல் பத்து நிமிடம் போதும்.

ஓவன் இல்லாத வீடுகளே எங்கள் பக்கத்தில் அதிகம், அதற்காகப் பீட்சாவைக் கைவிட வேண்டியதில்லை. அடி தடித்த இரும்புத் தாச்சியோ பழகிய தோசைக்கல்லோ நன்றாகவே வேலை செய்யும். கல்லை நன்கு சூடாக்கி, விரித்த மாவைப் போட்டு, மேலே சிறு குமிழிகள் எழுந்து அடியில் புள்ளி புள்ளியாகச் சிவந்ததும், இரண்டு மூன்று நிமிடத்தில், திருப்பிப் போட வேண்டும். சிவந்த பக்கம் இப்போது மேலே இருக்கும். அடுப்பைத் தணித்து, அந்தப் பக்கத்தில் சோஸைப் பூசி, காய்கறியும் சீஸும் தூவி, இறுக்கமான மூடியால் மூடினால் ஐந்து நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். மூடியில் ஆவி படிந்து துளித் துளியாக விழுந்து சீஸை நனைத்துவிடும் என்பதால், மூடியின் உட்பக்கத்தைப் பருத்தித் துணியால் மூடி, துணியின் முனைகளை நெருப்பில் படாதவாறு மேலே பிடியோடு சேர்த்து முடிந்துவிடுங்கள். சுட்ட பக்கத்தின் மேல் சோஸ் இருப்பதால் மா ஊறிப் போகாது. அடிப்பக்கம் மொறுமொறுப்பாகவே இருக்கும். எரிவாயுச் செலவு சில ரொட்டிகள் சுடுவதற்கு மேல் வராது.

தண்ணீரைச் சேர்க்காமல் பார்த்தால் ஒரு பீட்சாவில் 125 கிராம் உலர்ந்த மா இருக்கிறது. ஆறாக வெட்டினால் துண்டொன்றில் 15 கிராம் அளவு காபோவைதரேற்று வரும். சீனி வருத்தத்துக்குக் கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். கடையில் வாங்கினால் இதை அறிய வழியில்லை. வெள்ளரிக்காயும் கரட்டும் அரிந்த சலாட் ஒரு தட்டம், வல்லாரைச் சம்பல் கொஞ்சம் என்று முதலில் பரிமாறிவிட்டுப் பிறகு பீட்சாவை வைத்தால் எல்லாரும் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். “பிள்ளை, எனக்கு இரண்டு துண்டு காணும், அந்தக் கத்தரிக்காய் போட்டதில தா” என்று மாமி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். பிள்ளைகளுக்குக் குடிப்பதற்கு மென்பானம் வைப்பதில்லை. தேசிக்காய்த் தண்ணீர் அல்லது மோர்.

நான்கு உருண்டைகளில் ஒன்று மிஞ்சினால் எண்ணெய் தடவி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பிசைந்த நாளிலிருந்து மூன்று நாளுக்கு மேல் வைத்தால் புளிப்பு ஏறிவிடும். அதற்குள் ஒரு காலையில் அதைத் தட்டித் தோசைக்கல்லில் சுட்டு, இடித்த சம்பலோடு பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.